குடிலுக்கு அழைத்துச் செல்லும் பழைய பாடல்கள்



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும், கடைத்தெரு, தொலைக்காட்சி என எங்கு திரும்பினாலும் கிறிஸ்மஸ் பாட்டுதான். அவற்றுள் அடிக்கடி ஒலிப்பது 'ஜிங்கிள் பெல்ஸ்'. 1857ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்ட இந்தப் பாட்டில் இயேசுவின் பெயரும் இல்லை, கிறிஸ்மஸ் என்ற சொல்லும் இல்லை. பனியில் சறுக்குவண்டி ஓட்டும் மகிழ்ச்சியைச் சொல்லும் பாட்டு அது. அதைப் பாடுவதில் தவறில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் காதில் அது மட்டுமே விழுந்தால், பிறந்தவர் யார் என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? ஆகவே, திருஅவையின் கருவூலத்தில் உள்ள சில பழைய பாடல்களை இங்கே நினைவுகூர்வோம்.

காத்திருக்கக் கற்றுத்தரும் ஏழு அழைப்புகள்

டிசம்பர் 17 முதல் 23 வரை, மாலைப் புகழில் அன்னை மரியாவின் பாடலுக்கு முன்மொழியாக, நாளுக்கு ஒன்றாக ஏழு சிறு பாடல்களைத் திருஅவை பாடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழமை உடையவை இவை. ஒவ்வொன்றும் 'ஓ' என்ற விளியோடு தொடங்கி, வரவிருக்கும் மெசியாவை ஒரு பெயரால் அழைக்கும். ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், உதய ஒளி, மக்களினங்களின் அரசர், இம்மானுவேல் என்பவை அந்தப் பெயர்கள். இலத்தீனில் இப்பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலாகச் சேர்த்தால் 'ஏரோ க்ராஸ்' என்று வரும். 'நாளை நான் இருப்பேன்' என்பது அதன் பொருள். ஏழு நாள்கள் அழைத்தவர்களுக்கு ஆண்டவரே தரும் பதில்போல் அது அமைந்துவிடுகிறது!

'இம்மானுவேலே வாரும்' என்று பல மொழிகளில் பாடப்படும் திருவருகைக்காலப் பாடல் இந்த முன்மொழிகளிலிருந்து உருவானதே. அதன் இராகம் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெஞ்சுக் கையெழுத்து ஏடு ஒன்றில், இறந்தோர் அடக்கத்திற்கான பாட்டோடு இருப்பது 1966ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. சாவின் இருளில் பாடிய இராகம் மீட்பரை வரவேற்கும் இராகமாயிற்று.

இடையர்களின் இராகம்

உலக மீட்பர் சபையை 1732ஆம் ஆண்டு நிறுவிய புனித அல்போன்சு லிகோரி, இசையும் அறிந்தவர். அவர் 1754ஆம் ஆண்டு நோலா நகரில் இயற்றிய 'து ஷெண்டி தல்லே ஸ்தெல்லே' என்ற பாடல் இன்றும் இத்தாலியின் ஆலயமெங்கும் ஒலிக்கிறது. விண்ணின் அரசர் விண்மீன்களை விட்டிறங்கிக் குளிரும் குகையில் நடுங்குகிறார், எங்களை அன்பு செய்ததற்கு நீர் கொடுத்த விலை எவ்வளவு என்று வியப்பதே அதன் கருத்து. திருவருகைக்காலத்தில் மலைகளிலிருந்து இறங்கிவந்து அன்னையின் திருவுருவங்கள் முன் தோற்பை இசைக்கருவி வாசிப்பது அந்நாட்டு இடையர்களின் வழக்கம். அவர்களுடைய தாலாட்டு நடையில்தான் புனிதர் இப்பாடலை அமைத்தார். இறையியல் அறிந்த மறைவல்லுநர், பெத்லகேமின் செய்தியைச் சொல்ல இடையர்களின் இசையையே நாடினார்.

ஒரு கிட்டார், இரண்டு குரல்கள்

'சைலண்ட் நைட்' என்று உலகம் பாடும் பாடலை எழுதியவர் யோசேப்பு மோர் என்ற இளம் குரு. வறுமையில் பிறந்து வளர்ந்த அவர் 1816ஆம் ஆண்டு இதை எழுதினார். நெப்போலியன் போர்கள் முடிந்த மறு ஆண்டு அது; கோடையே வராத ஆண்டு என வரலாறு குறிக்கும் பஞ்ச காலம். 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃபில் உள்ள புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், ஆசிரியர் பிரான்ஸ் சேவியர் குரூபர் அமைத்த இசையில், கிட்டார் துணையோடு இருவரும் அதைப் பாடினர். 1914ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில், எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இருந்த படைவீரர்கள் சிலர் துப்பாக்கிகளை நிறுத்திவிட்டு இதைப் பாடினார்கள். தமிழிலும் இதே இராகத்தில் பாடுகிறோம். அமைதிக்காக ஏங்கியவர்களின் செபம் அது என்று அறிந்து பாடினால், பழகிய பாட்டும் புதிதாகும்.

இல்லத்தில் தொடங்குவோம்

இப்பாடல்களைப் பாட பெரிய பாடகர் குழு தேவையில்லை. டிசம்பர் 17 முதல் குடும்ப செபத்தில் நாளுக்கு ஒரு பெயரால் ஆண்டவரை அழைக்கலாம். குடில் அமைக்கும்போது பழைய பாடல் ஒன்றைக் கேட்டு, அதன் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இன்னொன்றும் நினைவில் கொள்வோம். டிசம்பர் 25 முடிந்ததும் கடைகளில் பாட்டு நின்றுவிடும். திருஅவைக்கோ அன்றுதான் கிறிஸ்து பிறப்புக் காலம் தொடங்குகிறது; ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது நீடிக்கிறது. அந்நாள்களிலும் நம் இல்லங்களில் பாடல் ஓயாதிருக்கட்டும்.

ஏழு நாள்கள் அழைத்துக் காத்திருந்து, பின் குகையருகே மண்டியிட்டுப் பாடும் உள்ளத்தைப் பாலன் இயேசு நமக்குத் தருவாராக!