டயாப்ளோவை டைஸில் விளையாடலாமா?

கம்ப்யூட்டர் கேம்ஸ் பிரியர்களுக்கு டயாப்ளோ 2 என்ற பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பிளிஸார்ட் நிறுவனம் 2000ம் ஆண்டில் வெளியிட்ட இந்த கேம், 2021ல் புதிய கிராபிக்ஸுடன் மறுபடியும் வந்தது. இதே கேமை கம்ப்யூட்டரே இல்லாமல், நான்கு நண்பர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேப்பர், பென்சில், டைஸ் மட்டும் வைத்து விளையாட முடியுமா? முடியும். ஆனால் நான் முதலில் செய்த மாதிரி செய்தால் முடியாது.

மேஜையில் விளையாடும் ரோல் பிளேயிங் கேம் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் நடுவர். அவர் இடத்தை வர்ணிப்பார், எதிரிகளை இயக்குவார். மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலிக்குமா இல்லையா என்பதை டைஸ் முடிவு செய்யும். 1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு முன்னோடி. லெவல் ஏறுவது, ஹிட் பாயின்ட் குறைவது என்று இன்று கம்ப்யூட்டர் கேமில் பார்க்கும் பல விஷயங்கள் அங்கிருந்து வந்தவையே. ஆக, நாம் செய்யப் போவது புதுமை ஒன்றும் இல்லை. போன சரக்கைத் திருப்பி எடுத்து வருகிறோம், அவ்வளவுதான்.

இன்ஜினியரிங் கடைசி வருடம் ஹாஸ்டலில் இதை முயன்றேன். என் லேப்டாப்பில் புது கேம் எதுவும் ஓடாது. டயாப்ளோ 2 மட்டும் ஓடும். அதன் பார்முலாக்களை எல்லாம் எக்ஸெல் ஷீட்டில் ஏற்றி, நாலு பேரைக் கூட்டி உட்கார வைத்தேன். ஒன்பது எலும்புக்கூடுகளோடு ஒரு சண்டை. கம்ப்யூட்டரில் பத்து வினாடி வேலை. எங்களுக்கு 40 நிமிடம் ஆனது. "டேய், எக்ஸாம் முடிஞ்சுதுன்னு வந்தா இங்கேயும் கணக்கு போடச் சொல்றே" என்றான் ஒருவன். அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் நானே கூப்பிடவில்லை.

தவறு எங்கே? கம்ப்யூட்டர் செய்யும் கணக்கை நான் காப்பி அடித்தேன். விளையாடுபவர் எடுக்கும் முடிவை விட்டுவிட்டேன்.

ஒரு உதாரணம். டயாப்ளோ 2ல் நம் அடி எதிரி மேல் விழுமா என்பதற்கு ஒரு பார்முலா உண்டு. நம் அட்டாக் ரேட்டிங்கை, அதோடு எதிரியின் டிபென்ஸையும் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பிறகு நம் லெவலின் இரு மடங்கை இருவர் லெவலின் கூட்டுத்தொகையால் வகுத்து, அதனால் பெருக்க வேண்டும். அட்டாக் 150, டிபென்ஸ் 100, இருவரும் லெவல் 10 என்றால் 60 சதவீதம். இதை ஒவ்வொரு அடிக்கும் மேஜையில் போட்டால் யார் உட்காருவார்கள்?

இங்கே 20 பக்க டைஸ் கை கொடுக்கும். லூடோ டைஸுக்கு 6 பக்கம். இதற்கு 20. அதாவது ஒரு பக்கம் என்பது 5 சதவீதம். 60 சதவீதத்துக்கு 12 பக்கங்கள். 21லிருந்து 12ஐக் கழித்தால் 9. டைஸில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி பட்டது. இந்தக் கணக்கை முதல் நாளே போட்டு, எதிரியின் அட்டையில் "9" என்று எழுதி வைத்துவிட்டால் போதும். இதில் ஒரு அழகான பொருத்தம் உண்டு. டயாப்ளோ 2ல் இந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகாது, 95ஐத் தாண்டாது. டைஸில் 1 விழுந்தால் எப்போதும் தோல்வி, 20 விழுந்தால் எப்போதும் வெற்றி என்று வைத்தால் அதே கணக்குதான்!

பெரிய எண்களை 5ஆல் வகுத்துவிடுங்கள். உயிர் 60 என்பது 12 ஆகும். அடி 10 முதல் 20 வரை என்பது 2 முதல் 4 ஆகும்.

ஆனால் மேஜைக்கு வந்த பிறகுதான் இன்னும் நன்றாக விளங்கும் விஷயங்களும் உண்டு. ஃபாலன் என்ற குட்டிச் சிவப்புப் பிசாசுகள் நினைவிருக்கிறதா? பக்கத்தில் ஒன்று செத்தால் மற்றவை ஓடிவிடும். பின்னால் நிற்கும் ஷாமன் செத்ததை உயிர்ப்பித்துக்கொண்டே இருப்பான். இதற்கு பார்முலாவே வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஃபாலன் எழுந்து நிற்கும் என்று ஒரே வரியில் விதி எழுதினேன். கூட்டம் மொத்தத்துக்கும் ஒரே அட்டை. ஒரு அடிக்கு ஒன்று சாகும். உடனே மேஜையில் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. முன்னால் நிற்பதை வெட்டுவதா, காயம் பட்டாலும் பரவாயில்லை என்று ஷாமனை நோக்கி ஓடுவதா? கம்ப்யூட்டரில் யோசிக்காமல் கிளிக் செய்து கடந்து போன இடம் அது.

டவுன் போர்ட்டல் சுருளையும் இப்படித்தான் மாற்றினேன். கேமில் வேண்டிய மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மேஜையில் ஒரு இரவுக்கு ஒன்றே ஒன்று. எப்போது கிழிப்பது என்பதே பெரிய கேள்வியாகிவிடும். அடையாளம் தெரியாத பொருட்களை அட்டையைக் கவிழ்த்து வைத்துக் கொடுங்கள். திருப்பிப் பார்க்கும்போது நீல நிறமா, மஞ்சளா என்ற ஆவல் அப்படியே வரும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே சிக்கல்தான். ஃபால்அவுட் கேமை முதலில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் கர்ப்ஸ் என்ற மேஜை விளையாட்டின் விதிகளை வைத்தே தயாரித்தார்கள். அந்த ஒப்பந்தம் முறிந்ததால், ஸ்பெஷல் என்ற சொந்த முறையோடு 1997ல் வெளிவந்தது. மோடிஃபியஸ் நிறுவனம் 2021ல் அதை மேஜை ரோல் பிளேயிங் கேமாக வெளியிட்டபோது, ஸ்பெஷலின் ஏழு திறன்களையும் வைத்துக்கொண்டு சதவீதக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டது. இரண்டு 20 பக்க டைஸ்களை உருட்டி, திறனையும் பயிற்சியையும் கூட்டி வரும் எண்ணுக்குள் விழுகிறதா என்று பார்த்தால் போதும். பழைய கேமில் ஆக்‌ஷன் பாயின்ட் அவரவர் சொத்து. மேஜையில் அது குழுவின் பொது உண்டியல், அதிகபட்சம் 6. ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் செலவழிக்கலாம். சண்டை வருமே என்கிறீர்களா? அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

மேஜைக்குக் கொண்டு வரவே முடியாத விஷயம் சேவ், லோடு. வேலைக்குச் சேர்ந்த பிறகு இரண்டாம் முறை ஆரம்பித்தபோது, ஹாஸ்டலில் பாதியில் போன இருவரில் ஒருவன் திரும்பி வந்தான். பார்பேரியன் பாத்திரம். ஐந்தாவது வாரம், மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று வாசலை மறித்து நின்று செத்துப் போனான். யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாத்திரம் செத்தால் என்ன ஆகும் என்று நான் விதியே எழுதி வைக்கவில்லை! நீங்கள் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு டயாப்ளோவின் விதியையே எடுத்துக்கொண்டோம். செத்தவர் ஊரில் கண் விழிப்பார். அவர் அணிந்திருந்தவை விழுந்த இடத்திலேயே உடலோடு கிடக்கும். கம்ப்யூட்டரில் எரிச்சலோடு ஓடிப்போய் எடுத்து வருவோமே, அதே விதி. அடுத்த சனிக்கிழமை நான்கு பேரும் ஒரு கோடாரியை மீட்கக் கிளம்பினார்கள். அன்றைக்கு நான் புதிதாகக் கதை எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.