பனி செய்யாத வேலை

பருத்தி விளைவிப்போரும் அதன் நூலை நெய்வோரும் ஒன்றுகூடியதே நமது சங்கம். ஆதலின், பருத்திக்கு எந்நாட்டில் தீங்கு நேரினும் அதன் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத் தென்கோடியில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி, ரியோ கிராண்டி ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கு உள்ளது. 1892-ஆம் ஆண்டளவில் பருத்திக் கூன்வண்டு இவ்வழியேதான் அந்நாட்டினுள் புகுந்தது. பெண்வண்டு தன் நீண்ட மூக்கினால் சப்பையைத் துளைத்து, உள்ளே முட்டையிடுகிறது. சப்பை உதிர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய மூன்று வாரங்களில் புதிய வண்டு வெளிவருகிறது. புழு சப்பைக்குள் மறைந்து வாழ்வதால் தெளிக்கும் மருந்து அதனை எட்டுவதில்லை.

1978-இல் வர்ஜீனியா, வட கரோலினா மாநில எல்லையில் ஒழிப்பு முயற்சி தொடங்கியது. பின்னர் அது மாநிலம் மாநிலமாக வெற்றி கண்டது. அங்கெல்லாம் குளிர்காலம் துணை நின்றது. உறைபனியில் செடி மடியும்; உணவின்றியும் குளிரிலும் வண்டுகளிற் பல மாளும்.

கீழ்ப்பள்ளத்தாக்கிலோ உறைபனி அரிது. அறுவடைக்குப் பின் நிற்கும் கட்டை மீண்டும் துளிர்க்கிறது. சிந்திய விதை சோள வயலிலும் சாலையோரத்திலும் தானே முளைக்கிறது. இவற்றில் சப்பை தோன்றினால் வண்டுக்கு ஆண்டு முழுவதும் உணவு உண்டு. மழையால் டிராக்டர் வயலில் இறங்க இயலாவிடின் மார் அழிக்கும் வேலை தள்ளிப்போகிறது. ஆற்றுக்கு அக்கரையிலும் பருத்தி விளைகிறது. காற்றில் வரும் வண்டுக்கு எல்லைக்கோடு ஏது?

இடர் பூச்சியால் மட்டும் வரவில்லை. 1995-இல் இப்பள்ளத்தாக்கில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அவ்வாண்டே இலைதின்னும் படைப்புழு பெருகி விளைச்சலைப் பாழாக்கிற்று. வண்டுக்குத் தெளித்த மருந்து நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்றதே காரணம் என விவசாயிகள் மனம் கொதித்தனர். 1996-இன் தொடக்கத்தில் வாக்களித்துத் திட்டத்தையே நிறுத்தினர். மீண்டும் அது தொடங்கியது 2005-இல்தான். இழந்த நம்பிக்கையை மீட்க ஒன்பது ஆண்டுகள் கடந்தன.

இக்கூன்வண்டு நம் நாட்டுப் பருத்தியின் பகையன்று. எனினும் நமக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு உண்டு. வயலில் விட்ட மாரிலும், அதில் ஒட்டிய காய்களிலும் அது அடுத்த பருவம் வரை தங்குகிறது. நமது சமவெளியிலும் உறைபனி வந்து அதனைக் கொல்லப்போவதில்லை. பனி செய்யாத வேலையை நாமே செய்தாக வேண்டும்.

அதனைத் தனியொருவர் செய்து பயனில்லை. பத்துப் பேர் மாரைப் பிடுங்கி அழித்து, ஒருவர் விறகுக்கென வரப்பில் அடுக்கிவைத்தால், பதினொருவர் வயலுக்கும் அங்கிருந்தே புழு வரும். ஆகவே ஊர் கூடி ஒரு நாளைக் குறிப்போம். ஆளில்லாதவர் வயலுக்கு ஆள் கொடுப்போம். எம்மருந்தை ஏன் தெளிக்கிறோம் என்பதை எல்லோரும் அறியப் பேசி முடிவு செய்வோம். கூட்டுறவு என்னும் சொல்லுக்கு வயலில் உள்ள பொருள் இதுவேயாகும்.