ஒட்டாத எவர்சில்வர்

“இரும்பைக் காந்தம் ஈர்க்கும்” என்று ஆறாம் வகுப்பில் சொன்னேன். வண்ணாரப்பேட்டையில் காயலான் கடை வைத்திருப்பவரின் மகன் தன் எவர்சில்வர் டம்ளரில் காந்தத்தை வைத்தான், ஒட்டவில்லை. “அதில் இரும்பு இல்லை” என்றேன். “எங்க கடையில ஒட்டாத எவர்சில்வருக்குத்தான் சார் விலை ஜாஸ்தி” என்றான்.

வீட்டில் படித்தபோதுதான் என் தவறு தெரிந்தது. அந்த ரகத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு இரும்புதான். 18 குரோமியம், 8 நிக்கல்.

இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம். அவை கூட்டங்கூட்டமாக ஒரே திசை நோக்கி நிற்கும். கூட்டத்துக்குக் கூட்டம் திசை வேறு. காந்தம் அருகே வந்தால் எல்லாம் அதன் திசைக்கு இசைகின்றன; இரும்பு ஒட்டுகிறது. நிக்கல் கலந்ததும் அணுக்களின் அடுக்குமுறையே மாறிவிடுகிறது. அணுக்காந்தங்கள் ஒரே திசையில் நிற்பதில்லை. தனி நிக்கலைக் காந்தம் ஈர்க்கும் என்பதுதான் வேடிக்கை! கடையில் விலையும் நிக்கலுக்குத்தான்.

மறுநாள் வகுப்பில் தவற்றை ஒப்புக்கொண்டு, வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டுவரச் சொன்னேன். சில தட்டுகளில் காந்தம் நன்றாக ஒட்டியது. அவை நிக்கல் சேராத ரகம். ஒரு டம்ளரின் விளிம்பில் மட்டும் லேசாகப் பிடித்தது. தகட்டை அழுத்தி இழுத்து வடிவமைக்கும்போது அந்த இடத்தில் அடுக்கு மறுபடி மாறியிருக்கிறது. இதைக் காட்டப் பள்ளிச் சட்டக்காந்தம் போதாது. பழைய ஸ்பீக்கர் காந்தம் வேண்டும். எங்களுக்கு அதையும் அந்த மாணவனே கொண்டுவந்தான்.