எலும்புக்கும் உண்டு தவணைக் கணக்கு

உடல்நலம் கருதி ஓடப் பழகும் நம்மில் பலருக்கு, தொடங்கிய சில வாரங்களிலேயே ஒரு வலி தோன்றுகிறது. முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் உட்புற விளிம்பை ஒட்டி நீளவாக்கில் பரவும் வலி அது. ஓட்டக்காரர்கள் இதனை ‘ஷின் ஸ்பிளின்ட்’ என்பர். இதற்கு அஞ்சி ஓட்டத்தையே கைவிடுவோர் உண்டு. பொருட்படுத்தாது ஓடி, எலும்பில் விரிசல் வரை செல்வோரும் உண்டு. இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியை எடுத்துக்கொள்வோம். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்ட இங்குள்ள சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன்பின் இங்குள்ள பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருவில் பணிபுரிந்து, இரவில் வீடு திரும்புகின்றனர். அவர்களுக்கு ஓட எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. 2008 முதல் பெங்களூருவில் நடைபெறும் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் பங்குபெறும் ஆவலில், ஒரு வார ஓட்டத்தையும் அந்த ஒரே நாளில் முடித்துவிட முயன்றால், வலியை நாமே வரவழைத்தவர்களாவோம்.

வலி ஏன் வருகிறது?

தாங்கும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ப் 1892-இல் நூலாக விளக்கினார். ஆயினும் இம்மாற்றம் மெதுவானது. பழைய எலும்பு முதலில் அகற்றப்படும். புதியது அதன் பிறகே படியும். ஒரு சுற்று நிறைவுற மூன்று, நான்கு மாதங்கள் ஆகலாம். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடுவதால், மூச்சு இடங்கொடுக்கிறது. எலும்போ இன்னும் ஆயத்தமாகவில்லை. மொத்தமாகச் செலுத்துவதை விட மாதந்தோறும் செலுத்தும் தொடர் வைப்பே எலும்புக்கு உகந்தது.

செய்யத்தக்கவை

ஞாயிறன்று ஒரே மூச்சில் 6 கிலோமீட்டர் ஓடுவதை விட, செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய நாள்களில் 2 கிலோமீட்டர் வீதம் ஓடுதல் நன்று. இடையில் நடையும் கலக்கலாம். தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். எட்டுகளைச் சற்றுக் குறுக்கி, விரைவாக வைத்தால் எலும்பின் மீது விழும் அதிர்ச்சி குறையும்.

கெண்டைக்கால் தசை வலுப்பெற, சுவரைப் பிடித்தவாறு குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி உதவும். தேய்ந்த காலணியை மாற்றுவது அவசியம். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை அது உழைக்கும். சிமென்ட் சாலையை விட மண் திடல் மேலானது. சயனைடு மேடுகளின் மண் மென்மையாகத் தோன்றினும், காற்றில் எழும் அதன் தூசி நுரையீரலுக்கு ஏற்றதன்று.

வலி வந்துவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி, மிதிவண்டிக்கோ நீச்சலுக்கோ மாறலாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் ஒற்றி எடுப்பது இதமளிக்கும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுதல் கூடாது. அது எலும்பின் எச்சரிக்கையை மறைத்துவிடும்.

மருத்துவரை நாட வேண்டியது எப்போது?

விரல் நுனி அளவே உள்ள ஓரிடத்தில் கூர்மையான வலி, ஓய்விலும் இரவிலும் நீடிக்கும் வலி, ஒற்றைக்காலில் குதிக்க இயலாமை ஆகியவை நுண்முறிவின் அறிகுறிகளாகலாம். நெடுநடை சென்ற வீரர்களின் பாதங்களில் இத்தகைய துன்பத்தைப் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்தாப்ட் 1855-லேயே பதிவு செய்துள்ளார். ஓடும்போது கால் இறுகி மரத்துப்போனாலும் மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

எலும்பை விரலால் அழுத்தினால் வலியில்லை, அரைமணி நேரம் விரைந்து நடந்தாலும் வலியில்லை என்ற நிலை வந்தபின், முன்பு ஓடிய தூரத்தில் பாதியிலிருந்து மீண்டும் தொடங்குவோம்.