பருத்தி வெளுத்தால் உடனே யூரியாவா?

கோவில்பட்டி, அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் காடுகளில் புரட்டாசியில் விதைக்கப்படும் மானாவாரிப் பருத்தி, கார்த்திகை வாக்கில் சப்பை கட்டும். அந்தச் சமயத்தில் நாலைந்து நாள் அடைமழை பிடித்தால் செடிகள் வெளுக்கும், சப்பைகளும் கொட்டும். இதைக் கண்டதும் கடன் வாங்கியாவது யூரியா போடுவோர் பலர். காசு வீணாவது இங்கேதான்.

வேருக்கு ஈரம் எவ்வளவு அவசியமோ, காற்றும் அவ்வளவு அவசியம். கரிசல் மண் நீரை எளிதில் விடாது. மண்ணில் நீர் நிரம்பி நின்றால் காற்றுக்கு இடமில்லை. வேர் மூச்சு முட்டிப்போய், மண்ணில் சத்து இருந்தும் எடுக்க முடியாமல் தவிக்கிறது. இந்த நிலையில் இடும் யூரியாவில் ஒரு பகுதி நீரோடு போகும், ஒரு பகுதி காற்றில் கலந்துவிடும்.

எனவே முதல் வேலை, சரிவைப் பார்த்து வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பது. வேர் தேறும்வரை, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா வீதம் கரைத்து இலைகளில் தெளிக்கலாம். கால் புதையாத பதம் வந்ததும் களைக்கொத்தால் மண்ணைக் கிளறிவிட வேண்டும். மேலுரம் அதற்குப் பிறகுதான். அரையடி ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. அதுவே உரமிடும் பதம். காய்ந்த மண்ணின் மேல் தூவி மூடாமல் விட்ட யூரியாவும் ஆவியாகிப் போகும்.

செம்மண்ணில் சங்கதி வேறு. அங்கே நீர் நிற்காது, ஆனால் தழைச்சத்தையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை இடுவது நல்லது. இறவைப் பருத்திக்குப் பூக்கும் பருவத்தில் ஈரம் குறைந்தால் பிஞ்சு உதிரும்.

மணிச்சத்து மண்ணில் நகராது. சூப்பர் பாஸ்பேட்டை வளர்ந்த செடிக்கு மேலாகத் தூவிப் பயனில்லை. அடியுரமாகவே வேர் ஓடும் ஆழத்தில் விழ வேண்டும்.

45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அளவு மீறினால் செடி கிளைத்துத் தழைக்கும், தத்துப்பூச்சி தேடி வரும், காய் பிந்தும். பச்சைப்பசேல் என்ற காடு பார்க்க அழகுதான். பஞ்சு எடுக்கும்போதுதான் கணக்குத் தெரியும்!

இன்னொன்று. நல்ல பருத்தியிலும் சப்பை, பிஞ்சுகளில் பாதிக்கு மேல் உதிர்வது இயற்கை. கொட்டிக் கிடப்பதைக் கண்டு கலங்காமல், புழு துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று நாலைந்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் அது உரத்தால் தீரும் குறையல்ல.