நிறமும் மணமும் சுவையும் காட்டிக்கொடுக்காத நஞ்சு

அச்சுவேலிச் செம்மண்ணில் மரவள்ளி நன்றாக வரும். கிழங்கு அவிக்கும்போது உம்மா சட்டியை மூடமாட்டா. அவித்த தண்ணீரையும் ஊற்றிவிடுவா. “மூடினா நஞ்சு உள்ளுக்க நிண்டுரும்” என்பா.

அந்தப் பேச்சின் நியாயம், தமிழ் படித்த எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. மரவள்ளியில் லினமரின் என்ற சேர்வை உண்டு. கிழங்கை வெட்டி நசுக்கும்போது அதிலிருந்து ஐதரசன் சயனைட்டு வெளிப்படுகிறது. ஏறத்தாழ 26 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் பொருள் அது. திறந்த சட்டியில் ஆவியாகிப் போய்விடும். மிச்ச லினமரினில் ஒரு பகுதி தண்ணீரோடு போகும்.

சயனைட்டு என்றதும் எங்கள் பக்கத்தில் வேறு நினைவும் வரும். “குப்பியில இருந்ததுதானே சேர்?” என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான். ஓம், அதேதான். இரத்தத்தில் ஒட்சிசன் இருந்தாலும் உடற்கலங்கள் அதைப் பயன்படுத்தவிடாமல் தடுத்துவிடும். தங்கம் பிரிக்கும் சுரங்கங்களிலும் அதைப் பெருமளவில் பாவிக்கிறார்கள். 2000 சனவரியில் ருமேனியாவின் பையா மாரே அருகே கழிவு அணை உடைந்து, சுமார் 1,00,000 கனமீற்றர் சயனைட்டு நீர் ஆறுகளில் கலந்து தன்யூப் வரை போனது. வழிநெடுக மீன்கள் செத்து மிதந்தன.

வுழூவுக்கான தண்ணீரில் நிறம், மணம், சுவை மாறியிருக்கிறதா என்று பார்க்க மதரசாவில் கற்றோம். சயனைட்டிடம் இந்த மூன்றும் தோற்றுப்போகும். அதன் கசப்பு வாதுமை மணம் எல்லோருடைய மூக்குக்கும் எட்டாது. குடிநீரில் அமெரிக்கா அனுமதிக்கும் உச்ச அளவோ லீற்றருக்கு 0.2 மில்லிகிராம்தான்.

இங்கேதான் ஒளிரும் உணரிகள் உதவுகின்றன. ஊதாக்கடந்த கதிர் விளக்கின் கீழ் நாணயத்தாளின் சில இழைகள் ஒளிர்வதைக் கண்டிருப்பீர்கள். அப்படி ஒளிரும் மூலக்கூறொன்றோடு செப்பு அயனைப் பிணைத்தால் ஒளி அணைந்துவிடும். சயனைட்டுக்குச் செப்பின்மேல் பெரும் நாட்டம். தண்ணீரில் அது இருந்தால் செப்பைப் பிடுங்கிக்கொள்ளும். மூலக்கூறு மீண்டும் ஒளிரும். சில உணரிகளில் சயனைட்டு நேரடியாகவே இணைந்து ஒளியை மாற்றும்.

ஒளிரும் உணரித் துறையின் முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஏ. பி. டி சில்வாதான் அவர். இரத்தத்தில் சோடியம், பொற்றாசியம், கல்சியம் அளக்கும் கருவிகளில் அவரது குழுவின் உணரிகள் பயன்பட்டுள்ளன.

ஆனால் உணரி என்பது ஒரு சாட்சி. இல்லாததை உண்டென்றும் சொல்லக்கூடாது, உள்ளதை மறைக்கவும் கூடாது. சயனைட்டு உணரிகள் பல சேதனக் கரைப்பானில் நன்றாக ஒளிரும், தண்ணீரில் தடுமாறும். நீர் மூலக்கூறுகள் சயனைட்டைச் சூழ்ந்து அதன் வீரியத்தைக் குறைத்துவிடுவதே காரணம். சல்பைட்டும் செப்பைப் பறித்துப் பொய்ச்சாட்சி சொல்லவைக்கும். ஆய்வாளர்களின் பாடு பெரும்பாலும் இதிலேதான்.

எங்கள் கிணறுகளில் சயனைட்டு இருக்கிறதென்று நான் சொல்ல வரவில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. நிலத்தில் நாம் கொட்டுவதும் அதே வழியால்தான் வரும். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது கண்ணும் மூக்கும் சொல்லின. தோட்டத்து உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றை அவை சொல்லமாட்டா. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதும், சட்டியை மூடாத உம்மாவின் கவனத்தைச் சேர்ந்ததுதான்.