ஏரியும் நெல்லும் மனிதர் கையும்

மலை, காடு, ஆறு, கடல் என்பன இயற்கைப் பொருள்கள். மாடம், தேர், ஆடை, அணி என்பன செயற்கைப் பொருள்கள் என்று பிரித்துக் கூறுதல் உலக வழக்கு. தொடக்கப் பாடத்திற்கு இப்பாகுபாடு போதும். ஆயின், தொண்டைமண்டலத்து ஊரொன்றை எடுத்துக்கொண்டு, அங்குள்ள நீரையும் பயிரையும் உணவையும் ஒவ்வொன்றாக ஆராயப் புகின், இயற்கை எங்கு முடிகின்றது, மனிதர் கைத்திறன் எங்குத் தொடங்குகின்றது என்று வரையறுத்தல் எளிதன்று. காஞ்சிமாநகர்க்குக் கிழக்கே, வாலாஜாபாத்துக்கு அணித்தாயுள்ள தென்னேரியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இவ்வூர்ப் பெயரே ஏரியைச் சுட்டி நிற்பது. ‘திரையன் ஏரி’ என்பது தென்னேரி என மருவிற்றென்பர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடிய தொண்டைமான் இளந்திரையனோடு இவ்வேரியை இயைத்துக் கூறுதலும் மரபு. கரையின்மேல் நின்று நோக்குவார்க்கு இப்பெருநீர்ப்பரப்பு இறைவனே வகுத்த கடலொன்று போலத் தோன்றும். ஆயினும், மண்சுமந்த மனிதர் கரையிட்டிராவிடின் அவ்விடத்தே நீர் தேங்கியிராது.

இதன் காரணத்தை ஆராய்வோம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாறாய்க் கிடப்பது. இந்நாட்டு மழையிற் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகைத் திங்களை ஒட்டிச் சில வாரங்களுக்குள்ளேயே பெய்து முடிவது. நிலமோ கீழ்த்திசைக் கடலை நோக்கி மெல்லச் சரிந்துள்ளது. எனவே, பெய்த நீர் தடுப்பாரில்லையேல் விரைந்தோடிக் கடலிற் கலக்கும். முன்னோர் அச்சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவாகக் கரையெழுப்பினர். மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டனர். வரத்துக்கால் வழியே வந்த நீர் கரையைச் சார்ந்து நின்றது. வேண்டுமளவு நீரை வயலுக்கு விட மதகும், மிகை நீரைக் கரையுடையாமற் கழிக்கக் கலங்கலும் அமைத்தனர். மேலேரியின் கலங்கலிற் கழிந்த நீர் கீழேரிக்கு வரத்தாயிற்று. இவ்வாறு ஏரிகள் ஒன்றோடொன்று கோவையாய் இணைந்தமையால், ஓரூரார் தம் கலங்கலைச் செவ்வனே காவாவிடின் அடுத்த ஊரார் வயல் காயும்; அன்றி, வெள்ளத்தில் மூழ்கும்.

கரையிடுதல் ஒருமுறை செய்யும் வினை. காத்தலோ ஆண்டுதோறும் செய்யும் வினை. வருநீர் வண்டலையும் உடன்கொணர்ந்து ஏரியைத் தூர்க்கும். இதனை நன்குணர்ந்தோர் உத்திரமேரூரார். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் அங்குப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு ஏரி வாரியம் என்ற ஒன்றும் அவற்றுட் கூறப்படுகின்றது. ஏரி வாரியத்துக்கு அறுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர்; அவர் பணிக்காலம் 360 நாள். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதோர் பெயர் குடத்தில் இடப்படவில்லை. மறை ஓதுதற்கும் கோயிற் பணிக்கும் பேர்பெற்ற ஊர், சேற்றை வாருதற்கும் தனியே ஒரு குழு அமைத்தது சிந்திக்கத் தக்கது.

இனி, ஏரிநீர் பாயும் வயலில் விளையும் நெல்லை நோக்குவோம். காட்டுநெல்லின் மணி முற்றியவுடன் தானே உதிர்ந்து மண்ணில் விழும். அச்செடிக்கு அஃது இனம் பெருக்கும் வழி; அறுக்க வந்த மனிதர்க்கோ இழப்பு. எனவே, உதிராது கதிரிலேயே நின்ற மணிகளே மிகுதியும் மனிதர் கைக்கு வந்தன. அவற்றையே அவர் மறுபடியும் விதைத்தனர். பல நூற்றாண்டுகள் இவ்வாறு நிகழவே, தானே உதிராத நெல் தோன்றிற்று. இந்நெல் மனிதர் அறுத்து அடித்து விதைத்தாலன்றிச் செவ்வனே பெருகமாட்டாது. காஞ்சியின் தறிகளிலேறும் பட்டின் கதையும் இத்தகையதே. மனிதர் வளர்ப்பில் நெடுங்காலம் வாழ்ந்த பட்டுப்பூச்சி இறகிருந்தும் பறக்கும் ஆற்றலை இழந்துவிட்டது.

நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப உழவர் நெல்லைப் பல்வேறு வகையாக்கினர். இப்பகுதியிற் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்கள் வழங்குவன. பூங்கார், காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா முதலிய பெயர்கள் தமிழுழவர் செல்வம். கோயம்புத்தூரில் தெரிந்தெடுக்கப்பட்டு 1921 இல் வெளிவந்த ஜி.இ.பி. 24 என்னும் நெல் கிச்சிலிச் சம்பா என்ற பெயரோடு பரவியது. 1966 இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் குட்டைநெல்லை வெளியிட்டது. உரமிட்டாலும் தாள் சாயாது நின்ற அந்நெல் பஞ்சத்தின் அச்சத்தைப் பெரிதும் நீக்கியது. எனினும் தவறாத நீரையும் மிகுந்த உரத்தையும் வேண்டிற்று. அதனாற் கிணறுகள் ஆழ்ந்தன. பழைய நெல்வகை பல வழக்கொழிந்தன. 2018 இல் மறைந்த நெல் ஜெயராமன், திருவாரூர் மாவட்டத்து ஆதிரங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி 170க்கு மேற்பட்ட நெல்வகைகளை மீட்டமை இவ்விழப்பைக் கண்டு செய்த தொண்டேயாகும்.

அடுக்களையிலும் இவ்வுறவே தொடர்கின்றது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் இட்டலி பெயர்பெற்றது. அரிசியையும் உளுந்தையும் மாவாக்கிப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு இவை சேர்த்து, மந்தாரை இலையிட்ட மூங்கிற் குடலையில் வார்த்து ஆவியில் வேகவைப்பர். மாவைப் புளிப்பிக்கும் நுண்ணுயிர்கள் கண்ணுக்குப் புலனாகா; ஆயினும், அவற்றுக்குரிய ஈரத்தையும் வெம்மையையும் காலத்தையும் அளித்து அவற்றை வேலைகொள்ள நம் அன்னையர் அறிந்திருந்தனர்.

மனிதர் கைபட்டவிடமெல்லாம் பிற உயிர்க்குக் கேடென்று கருதுதலும் தவறு. வேடந்தாங்கல் ஏரியும் உழவுக்காக அமைந்ததே. அங்கு வந்து கூடுகட்டும் பறவைகளை ஊரார் வேட்டையாட விடாது காத்தனர். 1798 இல் அப்போதைய செங்கற்பட்டுக் கலெக்டரிடம் அதற்கு உரிமையும் பெற்றனர். பறவையின் எச்சங் கலந்த நீர் வயலுக்கு எருவாயிற்று. அறமும் பயனும் அங்கு ஒருங்கே நின்றன.

காவல் தளர்ந்தவிடத்து நிகழ்வது வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் பேரேரிகள் பொதுப்பணித்துறையின் பொறுப்பாயின. ஊரார் கூடி ஏரி பேணும் குடிமராமத்தைச் சட்டத்தால் நிலைநிறுத்த 1858 இல் முயன்றனர். மனமுவந்து செய்த பணி கட்டாயத்தால் மீளவில்லை. விறகுக்கென அயல்நாட்டினின்று கொணர்ந்த சீமைக்கருவேலம் ஏரியுள்வாய்களில் அடர்ந்து பரவிற்று. வரத்துக்கால்கள் தூர்ந்தன, சில ஏரிகள் மனைகளாயின. 2017 இல் தமிழக அரசு காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியிலேயே குடிமராமத்தைப் புதுப்பித்துத் தொடங்கியது. 2022 இல் தென்னேரிக்கு அயலதாகிய பரந்தூரில் விமானநிலையம் அமைக்கப்படுமென்ற அறிவிப்பு வந்தது. குறித்த நிலத்துள் ஏரிகளும் நன்செய்களும் அடங்கியிருத்தலின், ஏகனாபுரம் முதலிய ஊரார் அதனை எதிர்த்தனர். நாட்டுக்குப் போக்குவரத்தும் தொழிலும் வேண்டுவனவே. ஆயினும், கோவையாய் இணைந்த ஏரிகளுள் ஒன்றைத் தூர்ப்பவர் அவ்வோர் ஏரியை மட்டும் தூர்ப்பதில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆகவே, தென்னேரி நமக்குக் கற்பிப்பது ஒன்றுண்டு. நாம் நீரை நிறுத்தினோம். அந்நீர் நம்மை ஊராக்கி நிறுத்திற்று. நாம் நெல்லை உதிராது செய்தோம். அந்நெல் நம்மை அலையாது வாழச் செய்தது. ஒன்றை நம் தேவைக்கேற்ப மாற்றியமைத்தபின், அதனைப் பேணும் கடனும் நம்மையே சார்கின்றது. காட்டுநெல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வயல்நெல்லுக்கு நம்மையன்றி வேறு துணையில்லை. ஆதி மனிதனை ஏதேனிற் கொண்டுவைத்த இறைவன் அவனுக்கு இட்ட பணி இரண்டென்று திருமறை கூறும்: தோட்டத்தைப் பண்படுத்தல் ஒன்று, அதனைக் காத்தல் மற்றொன்று. முன்னதில் நாம் வல்லவராயினோம். பின்னதையும் மேற்கொள்ளுதல் கல்வி பெற்ற நம்மனோர்க்குக் கடனாகும். தத்தம் ஊர்க்கு விடுமுறையிற் செல்லும் மாணவர், அவ்வூர் ஏரிக்கு நீர் எவ்வழி வருகின்றது, எவ்வழிக் கழிகின்றது, தூர்ந்த கால் எது என்று முதியோரை வினவியறிந்து எழுதிவைப்பாராயின், அதுவே காத்தலின் தொடக்கமாம்.